கோல்ட்ஃபார்ப் வீட்டில் இருபது வினாடி

நாங்கள் எழுதிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வரும் குடும்பத்தின் பெயர் கோல்ட்ஃபார்ப். அப்பா மோர்ட்டி, அம்மா எஸ்தர். அம்மா வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி வதைப்பாள். எந்த வியாதியைச் சொன்னாலும் அப்பாவுக்கு அதற்கு ஒரு டாக்டரைத் தெரிந்திருக்கும். ஆறு ஆண்டுகளாக வாராவாரம் இரண்டு கோடிப் பேர் பார்த்த அந்த வீட்டில், தாங்கள் யூதர்கள் என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

டிசம்பர் வந்தால் கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் நிற்கும். மரத்துக்குப் பின்னால், கண்ணை இடுக்கிப் பார்த்தால், எங்கள் ஒன்பது கிளை விளக்கு தெரியும். எங்கள் எட்டு நாள் விளக்குப் பண்டிகைக்கு நாளுக்கொன்றாகக் கூட்டி ஏற்ற வேண்டியது அது. தொடரில் முதல் நாளே ஒன்பது மெழுகுவத்தியும் எரிந்துகொண்டிருக்கும். எழுத்தாளர்கள் ஒன்பது பேரில் நாங்கள் ஏழு பேர் யூதர்கள். ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

எஸ்தராக நடித்த லொரெட்டா டி சான்டோ பிலடெல்பியாக்காரர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் இத்தாலியக் கத்தோலிக்கர். பக்கத்து வீட்டுப் பாதிரியாராக நடித்தவர் ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், மகன். லாஸ் ஏஞ்சலஸில் இதையெல்லாம் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

ரீனா நினைத்தாள். ரீனா என் மனைவி. டிசம்பர் எபிசோடு வந்தால் சோபா நுனிக்கு வந்துவிடுவாள்.

"மொத ராத்திரியே ஒன்பதா? வீடு பத்திக்கப் போகுது ஜோயல்! உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்காவது எண்ணத் தெரியுமா?"

மறுநாள் ஸ்டுடியோவுக்கு ஒரு கடிதம் எழுதுவாள். 'என்சினோவில் வசிக்கும் திருமதி ஃபிங்கல், வயது எழுபத்தொன்பது' என்று கையெழுத்திடுவாள். அப்போது அவளுக்கு முப்பது. எங்கள் குழுத் தலைவர் லென்னி கிராஸ்னர் அதை அறையில் உரக்கப் படிப்பார்.

"'ஐயா, என் வீட்டுப் பூனைக்குக்கூட ஒன்று முதல் எட்டு வரை தெரியும்.' அடடா! ஃபிங்கல் அம்மா மறுபடியும் வந்துட்டாங்கடா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடிதத்தைச் சுவரில் குத்தி வைப்பார்கள். நான்கு ஆண்டுகள், நான்கு கடிதங்கள். யார் எழுதியது என்று நான் சொன்னதில்லை. முழு ஆட்டமும் அதில்தான் இருந்தது.

செப்டம்பரில் ரீனா இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஒரு வியாழக்கிழமை. டிசம்பரில் லென்னி தபால்களைப் புரட்டியபடி, "இந்த வருஷம் ஃபிங்கல் அம்மா கடிதமே வரலையே, உடம்பு சரியில்லையோ?" என்றார். நான் காப்பி எடுக்கப் போனேன்.

மார்ச்சில் மோர்ட்டியாக நடித்தவர், படகு வாங்கிக்கொண்டு ஹவாய் போவதாகச் சொல்லி விலகினார். மோர்ட்டி சாக வேண்டியதாயிற்று.

"சரி, துக்க வீடு. என்னல்லாம் இருக்கும்? சொல்லுங்க" என்றார் லென்னி.

கறுப்பு வலைத் துணி என்றார் ஒருவர். ஆர்கன் இசை என்றார் இன்னொருவர். வாசலிலிருந்து கூடம் வரை வெள்ளை லில்லிப் பூ. ராபின் ஆஸ்ட்ரோ கையைத் தூக்கினாள்.

"சவப்பெட்டி கூடத்துல தெறந்திருக்கும். எல்லாரும் வரிசையில வந்து பாப்பாங்க. எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் செஞ்சோம்."

"நீ பாத்தியா?"

ராபின் யோசித்தாள். "இல்ல. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். வீட்ல டிவி பாத்துட்டிருந்தேன்." மறுபடி யோசித்தாள். "அட கடவுளே. டிவியில பாத்ததத்தான் சொல்றேன்."

மற்றவர்களும் அவரவர் தாத்தாவைச் சரிபார்த்துக்கொண்டார்கள். என்னைத் தவிர ஆறு யூதர்கள், ஆறு தாத்தாக்கள், எல்லோரையும் தொலைக்காட்சியில்தான் புதைத்திருந்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஏதோ நினைவுக்கு வந்தது. என்னைப் பார்த்தார்கள். உடனே தங்கள் சாண்ட்விச்சைப் பார்த்தார்கள்.

"நான் எழுதறேன்" என்றேன்.

"ஜோயல், நீ எழுதணும்னு யாரும்..."

"நாளைக்குத் தரேன்."

மூன்று பக்கம். எஸ்தர் வீட்டுக் கதவு பூட்டாமல் திறந்திருக்கிறது. கண்ணாடிகளைப் படுக்கை விரிப்பால் மூடியிருக்கிறார்கள். பூ இல்லை. எஸ்தர் செருப்பில்லாமல் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு தட்டோடு வருகிறார்கள். ஏனென்றால் துக்கக்காரர் தன் வீட்டில் சமைத்ததை முதல் வேளை சாப்பிடக் கூடாது. யாரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் துக்கக்காரர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது. ஏழு பேர் நிற்கிறார்கள். இருபது வினாடி. பிறகு எஸ்தர் தலையைத் தூக்கி ஏழு தட்டுகளையும் பார்க்கிறாள். ஏழிலும் நூடுல்ஸில் சர்க்கரையும் முட்டையும் சேர்த்துச் சுட்ட கூகல்.

"ஏழு கூகலா? உங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேசிக்கவே மாட்டீங்களா?"

லென்னி படித்துவிட்டு நெடுநேரம் காகிதத்தையே பார்த்தார். "பேசக் கூடாதா?" என்றார்.

"கூடாது."

"யாருமேவா?"

"யாருமே."

அவர் காகிதத்தை மடித்துவிட்டு, "கூகல் ஜோக் நல்லாருக்கு" என்றார்.

திங்கள்கிழமை நடிகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். முடிந்ததும் சேனல் அதிகாரி ஆலன் வெக்ஸ்லர் எழுந்து என்னிடம் வந்தார். அவருடைய அப்பாவின் பெயர்ப் பலகையில் வெக்ஸ்லருக்கு இன்னும் நாலைந்து எழுத்துகள் அதிகம் இருந்தன, யூதச் சாயலைக் குறைக்க மகன் சுருக்கிக்கொண்டார் என்பார்கள்.

"ஜோயல், பிரமாதம். அழுதுட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்று சேனல்காரர் சொன்னால் எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்தோம்.

"அந்த ஸ்டூல். சோபா இருக்குறப்போ ஸ்டூல் எதுக்கு? கண்ணாடி மேல துணி. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறாங்கன்னு நெனப்பாங்க. கொஞ்சம் பூ வெச்சா கலரா இருக்கும். அப்புறம் அந்த இருபது செகண்டு. டிவியில அஞ்சு செகண்டு சும்மா இருந்தா ஜனங்க ஆன்டனாவத் தட்டறாங்க. மொத்தத்துல எப்படிச் சொல்றது... கொஞ்சம் நியூயார்க்கா இருக்கு."

நியூயார்க் என்றால் யூதத்தனம் என்று அர்த்தம், அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவரே நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர்.

"கதை நடக்கறதே நியூயார்க்லதானே" என்றேன்.

"தெரியும்பா. ஆனா அயோவாவுல சோளக்காட்டுக்கு நடுவுல இருக்கறவன் என்ன நெனப்பான்?"

லொரெட்டா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்க மாமியார் அயோவாதான், ஆலன். அங்கேயும் ஆளுங்க செத்துத்தான் போறாங்க."

"லொரெட்டாம்மா, நான் அத..."

"ஸ்டூல எடுத்தா நான் நின்னுட்டே நடிக்கறேன். எனக்கு முட்டி வலி. அப்புறம் உன் இஷ்டம்."

லொரெட்டா அந்தக் காட்சியை விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். செப்டம்பரில் அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். முதல் நாள் லென்னி லில்லிப் பூக்களோடு வந்து பேசினார். ராபின் வந்து பேசினாள். எல்லோரும் பேசினார்கள். பார்க்கிங் பற்றி, கோல்ஃப் பற்றி, வெயில் பற்றி. நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் லொரெட்டா வந்தார். வேடத்துக்குத் தயாராவதுபோல ஒரு ரப்பிக்குப் போன் செய்து கேட்டுவிட்டு வந்திருக்கிறார். துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் அவித்த முட்டை ஒரு டப்பா நிறைய. தரையில் உட்கார்ந்தார். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம். எழுந்து போய்விட்டார். அந்த வாரத்தில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அதனால்தான் இருபது வினாடி கேட்டேன். முக்கால் மணி நேரம் யாரும் தரமாட்டார்கள்.

"மாத்த மாட்டேன்" என்றேன் வெக்ஸ்லரிடம்.

"அப்போ வேற யாராவது மாத்துவாங்க."

"மாத்தட்டும். என் பேர எடுத்துடுங்க. நான் வேற வேலை பாத்துக்கறேன்."

இதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு எனக்கு எதைப் பார்த்தும் பயம் வரவில்லை. வெக்ஸ்லர் லென்னியைப் பார்த்தார். லென்னி கூரையைப் பார்த்தார். ஒரு வாக்கியம் பேச அவர் அவ்வளவு யோசித்து நான் கண்டதில்லை.

"அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை எப்படியும் அரங்குல ஜனங்கள உக்கார வெச்சு ரெண்டு தடவை எடுக்கறோம். நாலு மணி ஜனங்களுக்கு ஸ்டூல். ஏழு மணி ஜனங்களுக்கு சோபா, பூ, எல்லாம். எது சிரிப்பு வாங்குதோ அதுதான் டிவியில போகும். சரியா?"

வெக்ஸ்லர் புன்னகைத்தார். "சரி."

அவர் ஏன் புன்னகைத்தார் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஏழு மணிக்கு வருகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். நாற்காலி கீச்சிட்டாலும் சிரிப்பார்கள். நாலு மணிக்கு வருகிறவர்கள் முதியோர் சங்கங்கள். பாதிப்பேர் ஏசி குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள்.

"வேற வழி தெரியலடா" என்றார் லென்னி வெளியே வந்ததும். "அவங்க சிரிக்கலன்னா?"

"போயிடறேன்."

"உன்னோட கோவிச்சுக்கக்கூட முடியல. கொஞ்சம் கத்தேன்டா."



அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஒரு பேருந்து வந்து நின்றது. வான் நைஸ் பகுதியின் ஒரு யூத முதியோர் மன்றம். ஐம்பத்து மூன்று பேர். ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். எல்லோரிடமும் ஸ்வெட்டர், எல்லோரிடமும் கைப்பை, எல்லாக் கைப்பையிலும் ஏதோ தின்பண்டம். இருக்கையில் உட்காரவே இருபது நிமிடம் ஆயிற்று.

"ஃபேன் காத்து எம்மேல அடிக்குது, இடம் மாத்திக்கலாமா?"

"எதுக்கு? எனக்கு நிமோனியா வரட்டும்னா?"

வெக்ஸ்லர் மேலே கண்ணாடி அறையில் டைரக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே கேமராக்களுக்குப் பின்னால் நின்றேன். முதல் காட்சிக்குச் சுமாரான சிரிப்பு. மூன்றாவது வரிசையில் ஒருவர் உண்மையிலேயே குறட்டை விட்டார்.

இரண்டாம் காட்சி. விளக்கு ஏறியது. மூடிய கண்ணாடி, திறந்த கதவு, மேஜையில் அவித்த முட்டை. குட்டை ஸ்டூலில் லொரெட்டா.

அரங்கில் சரசரப்பு நின்றது. மிட்டாய்க் காகிதச் சத்தம்கூட நின்றது. யாரோ பக்கத்திலிருந்தவரை இடித்தார்கள், குறட்டையும் நின்றது. ஆறு ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு குடும்பத்தை, யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்த ஒரு குடும்பத்தை, அந்த ஐம்பத்து மூன்று பேரும் அப்போதுதான் கையும் களவுமாகப் பிடித்ததுபோல இருந்தது.

பக்கத்து வீட்டார் தட்டோடு வந்து நின்றார்கள். ஏழாவதாகப் பாதிரியார். ஐந்து வினாடி. பத்து. மேலே வெக்ஸ்லர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பதினைந்து. இருபது. லொரெட்டா தலையைத் தூக்கவில்லை. இருபத்தைந்து. வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். லென்னி என் தோளைப் பிடித்து அழுத்தினார். முப்பது.

அப்போது மேல் வரிசையிலிருந்து ஒரு குரல், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசுவதுபோல, அவ்வளவு இயல்பாக:

"ஏதாவது சாப்பிடும்மா!"

லொரெட்டா மெல்லத் தலையைத் தூக்கினார். தட்டோடு நின்ற ஏழு பேரையும் பார்க்கவில்லை. நேராக அரங்கத்தைப் பார்த்தார். எஸ்தராகவே பார்த்தார்.

"யாரது பேசினது? நான்தானே மொதல்ல பேசணும்?"

ஐம்பத்து மூன்று பேரும் வெடித்தார்கள். அது சாதாரணச் சிரிப்பு இல்லை. ஸ்வெட்டர்கள் குலுங்கின, கைப்பைகள் விழுந்தன.

"அவதான்! அவ வாய் சும்மாவே இருக்காது!" என்று இன்னொருத்தி எழுந்து நின்று காட்டிக்கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணு எலும்பா இருக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

"பேசிட்டீங்க, இனி என்ன" என்றார் லொரெட்டா. பிறகு ஏழு தட்டுகளையும் நிதானமாகப் பார்த்தார். "ஏழு கூகலா? உங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேசிக்கவே மாட்டீங்களா?"

அடுத்த வசனத்துக்குப் பாதிரியார் ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தார். அவர் தோள்களும் குலுங்கின.

டைரக்டர் நிறுத்தச் சொன்னதும் வெக்ஸ்லர் படியிறங்கி வந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோற்றவர்போலத் தெரியவில்லை.

"எங்கம்மா" என்றார். "அச்சு அசல் எங்கம்மா." மூக்கை உறிஞ்சினார். உடனே அதிகாரியானார். "லென்னி, அந்தப் பாட்டிய ஏழு மணிக்கும் உக்கார வெக்க முடியுமா?"

"அவங்களுக்கு ஆறரைக்கு மாத்திரை சாப்பிடணும், ஆலன்."

"அப்போ இதையே போடு. ஸ்டூலோட போடு." என் பக்கம் திரும்பினார். "பாதிரியார் தட்டு மட்டும் கேமராவுல கொஞ்சம்..."

"ஆலன்" என்றார் லொரெட்டா ஸ்டூலில் இருந்தபடியே.

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

நான் வெளியே போனேன். பேருந்து புறப்படத் தயாராக இருந்தது. அரங்கிலிருந்து குரல் கொடுத்த அந்த அம்மாள் படியில் ஒரு கால் வைத்திருந்தார். ஃப்ரேடா சில்பர்மன் என்று மார்பில் அட்டை குத்தியிருந்தது. நன்றி சொன்னேன்.

"நீதான் எழுதினியா? நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மேஜையில முட்டைக்குப் பக்கத்துல உப்பு வெச்சிருந்தீங்களே, துக்க முட்டைக்கு யாராவது உப்பு வெப்பாங்களா?"

"எங்க வீட்ல வெப்போம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"உங்க வீட்ல எல்லாந்தான் வெப்பீங்க, சோஃபி. இடுகாட்டுக்கே கடுகுச் சட்னி கொண்டு வந்தவதானே நீ."

பேருந்து போகும்வரை அந்தச் சண்டை ஜன்னல் வழியாகக் கேட்டது.

திரும்பி வந்தபோது ஏழு மணிக்காரர்கள் வர இன்னும் நேரமிருந்தது. அரங்கம் காலியாக இருந்தது. கோல்ட்ஃபார்ப் வீட்டுக் கூடத்தில் லென்னி மட்டும் இருந்தார். அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். முழங்கால்கள் காதைத் தொட்டன.

"டேய் ஜோயல்."

"ம்."

"நான் உன் வீட்டுக்கு லில்லிப் பூ கொண்டு வந்தேன்ல."

"ஆமா."

"பேசிட்டே இருந்தேன்ல."

"நாப்பது நிமிஷம். கோல்ஃப் பத்தி."

"நாப்பதா?" முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "எனக்குக் கோல்ஃப் ஆடவே தெரியாதேடா."

நான் அவருக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். இடம் மாறிக்கொண்டோம். பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். லென்னி கிராஸ்னர் பேசாமலிருப்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. முதல் நிமிடத்தில் கழுத்து சிவந்தது. இரண்டாவது நிமிடத்தில் கால் ஆடியது. கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார். மூன்றாவது நிமிடம் பார்க்கவே பாவமாக இருந்தது.

"திருமதி ஃபிங்கல் இருக்காங்களே" என்றேன்.

"என்னாச்சு அவங்களுக்கு? ஐயோ, மன்னிச்சுடு. நீ சொல்லு."

"அது ரீனா."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "எழுபத்தொம்பது வயசு, என்சினோ, அந்தப் பூனை..."

"எங்ககிட்ட பூனையே இல்ல. ரீனாவுக்குப் பூனை ஒத்துக்காது. தும்முவா."

"நாலு வருஷமா நான் படிப்பேன், நீ அங்கயே உக்காந்து சிரிப்ப..."

"நீங்க எந்த இடத்துல சிரிச்சீங்கன்னு வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். நீங்க சிரிக்காத வரி அடுத்த வருஷம் வராது. வெட்டிடுவா."

லென்னி என்னைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேர்ல நான் தப்பான ஆளத்தான் வேலைக்கு வெச்சிருக்கேன்" என்றார்.

நான் சிரித்தேன். தொண்டையில் துருப்பிடித்ததுபோல ஒரு சத்தம். அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு அவரும் சிரித்தார். மேலே விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தவர் குனிந்து எங்களைப் பார்த்தார். நான் மேலும் சொன்னேன். அவள் இடது கையால் எழுதுவாள், கிழவி எழுத்து வர வேண்டும் என்று. தபால்முத்திரைக்காக என்சினோவரை காரை ஓட்டிப் போய்த்தான் பெட்டியில் போடுவாள். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது.

கடைசியில் லென்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, டிசம்பர்ல விளக்கச் சரியா வெக்கறோம். ஃபிங்கல் அம்மாவுக்காக. மொத நாள் எத்தனை ஏத்தணும்?" என்றார்.

"ரெண்டு. அன்னிக்கு உள்ளது ஒண்ணு. அதப் பத்த வெக்கற மெழுகுவத்தி ஒண்ணு."

"ரெண்டே ரெண்டா?" உண்மையாகவே அதிர்ந்துபோனார். "மரத்துக்குப் பின்னால ரெண்டு மெழுகுவத்தி எப்படிடா கேமராவுல தெரியும்?"

"அப்போ மரத்த எடுத்துடுங்க."

அவர் மரம் வழக்கமாக நிற்கும் மூலையைத் திரும்பிப் பார்த்தார். ஆறு ஆண்டுகளாக நின்ற இடம்.

"அடேங்கப்பா" என்றார். "ஆலன் அழப் போறான்."